கைநீட்டி வாங்கிய நாட்களில் கொடுப்பதைக் கற்றுக்கொண்டோம்

கொடுப்பதைப் பற்றிச் சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), முதற்பலன் (விளைச்சலின் முதல் பங்கு), ஏழை விதவை போட்ட இரண்டு காசு எல்லாம் மனப்பாடம். வாங்குவதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் சொல்கிறோமே, அவர் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இன்னொருவர் கை வழியாகத்தான். அந்தக் கை நம் வாசலுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளத் தெரியாவிட்டால், நம் விசுவாசம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. என் கணவருக்கு வேலை போய் வீட்டில் வருமானம் நின்ற காலத்தில் எங்களுக்குப் புரிந்தது இதுதான்.

அதற்கு முன்னால் எங்கள் வழக்கம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதிலேயே ஒரு முடிவு எடுத்திருந்தோம். சம்பளம் வந்த அன்றைக்கே கொடுப்பதற்கான பங்கை எடுத்து வேறொரு கணக்கில் போட்டுவிடுவது. மாதக் கடைசியில் மிச்சம் பார்த்துக் கொடுக்கலாம் என்று இருந்தால் மிச்சமே இருக்காது என்பது என் கணவரின் வாதம். பவுலும் கொரிந்து சபைக்கு இதைத்தான் எழுதினார்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துச் சேர்த்து வையுங்கள், நான் வந்த பிறகு வசூல் செய்ய வேண்டாம் (1 கொரிந்தியர் 16:2). பவுல் நேரில் வந்து உருக்கமாகப் பேசி, கண்ணீர் வரவழைத்து, அந்த வேகத்தில் பணம் சேர்க்கலாம். அவர் அதை வேண்டாம் என்கிறார். நிதானமாக, வீட்டில், வாரா வாரம் எடுத்து வையுங்கள் என்கிறார்.

தனிக் கணக்கில் போட்டுவிட்டால் ஒரு நல்லது நடக்கும். அந்தப் பணம் நம்முடையது என்ற எண்ணம் போய்விடும். யாராவது கஷ்டத்தைச் சொல்லும்போது "கொடுக்கலாமா, வேண்டாமா" என்று மனதுக்குள் சண்டை வராது. "யாருக்கு, எவ்வளவு" என்பது மட்டும்தான் கேள்வி. எங்கள் கணக்கில் மூன்று பங்கு: சபைக்கு ஒன்று, நாங்கள் தொடர்ந்து தாங்கும் ஒரு குடும்பத்துக்கு ஒன்று, திடீரென்று வருகிற தேவைக்கு ஒன்று. மூன்றாவது பங்கு சிறியதுதான், ஆனால் அதிகம் பயன்பட்டது அதுதான். ஆஸ்பத்திரிச் செலவு, சாவு வீடு, ரயில் டிக்கெட் என்று திட்டமிட முடியாதவை எல்லாம் அதில் போயின. நல்ல இசையோடும் உருக்கமான பேச்சோடும் பணம் கேட்கிற கூட்டங்களுக்குப் போனால் கை தானாகப் பைக்குள் போகும் இல்லையா? முன்பே தீர்மானித்து வைத்திருந்தால் அங்கேயும் நிதானம் இருக்கும். "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்பது வேதம் (2 கொரிந்தியர் 9:7). உற்சாகமாய்க் கொடுக்கிறவனைப் பற்றிய வரி எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின இந்த வரியை நான் அதிகம் நேசிக்கிறேன்.

சரி, வேலை போனது. நிறுவனத்தில் ஆட்குறைப்பு. வேறு வேலை கிடைக்க நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகக் காலம் ஆனது. என் வருமானம் வீட்டிலிருந்து செய்கிற சின்ன வேலைகளில் வருவது, அது வாடகைக்கே எட்டாது.

முதலில் வந்த கேள்வி, தசமபாகத்தை என்ன செய்வது என்பதுதான். நாங்கள் பேசிய ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "இப்பதான் இன்னும் அதிகமா கொடுக்கணும். கடன் வாங்கியாவது விதைங்க. நூறு மடங்கா திரும்பி வரும்." எங்கள் போதகரோ வேறு மாதிரி பேசினார். "கடன் வாங்கிக் காணிக்கை போட வேண்டாம். வருகிறதில் கொடுங்கள். வராவிட்டால் ஜெபத்தைக் கொடுங்கள்" என்றார். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்ற வசனத்தை எடுத்துக் காட்டினார் (2 கொரிந்தியர் 8:12). அந்த வசனம் எங்களுக்கு அன்றைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது. வருமானமே இல்லாத மாதத்தில் அதன் பத்தில் ஒரு பங்கும் இல்லைதானே. என் சின்ன வேலைக்குக் கூலி வந்தால் அதில் பத்தில் ஒன்றை எடுத்து வைத்தோம். கையில் வாங்கிப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கும், அவ்வளவு சிறிய தொகை. ஆனாலும் எடுத்து வைத்தோம்.

இந்த "நூறு மடங்கு" பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கஷ்டத்தில் இருப்பவர்களை இது நிறையக் காயப்படுத்துகிறது. மாற்கு 10:30ல் இயேசு நூறத்தனை என்று சொல்கிறார், உண்மைதான். அதே வரியில் "துன்பங்களோடேகூட" என்றும் சொல்கிறார். அவர் பட்டியலில் வீடு, நிலத்தோடு சகோதரர், சகோதரிகள், தாய்மார், பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். ஒருவருக்கு நூறு தாய்மார் எப்படி வருவார்கள்? சபை என்கிற குடும்பத்தின் வழியாகத்தான் வர முடியும். மல்கியா 3:10ம் அப்படித்தான். வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்பதற்கு முன்னால், "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" தசமபாகத்தைப் பண்டகசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்று காரணமும் சொல்லியிருக்கிறது. நெகேமியா 13ம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் விளங்கும். ஆலய வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். உபாகமம் 14:28-29ல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாவதற்காக ஊர் வாசலிலேயே வைக்கப்படுகிறது. வயிறு நிறைய வேண்டியவர்களுக்காக வகுத்த ஏற்பாடு அது. கொடுக்கிறவன் பணக்காரன் ஆவதற்கான வழியாக அதை மாற்றிவிட்டால், கொடுத்தும் கஷ்டப்படுகிறவன் "என் விசுவாசத்தில்தான் குறை" என்று தன்னையே நொந்துகொள்வான். அப்படி நொந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. சபையில் தகப்பன் இல்லாத ஒரு பையனின் பள்ளிக் கட்டணத்தை நாங்கள் கட்டி வந்தோம். தனிக் கணக்கில் இருந்த பணம் ஒரு தவணைக்கு வந்தது. அடுத்த தவணைக்கு வழியில்லை. கடைசி நிமிஷம் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னோம்: "இந்தத் தடவை கட்டிடுறோம். அடுத்ததுக்கு எங்களால முடியுமான்னு தெரியல." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு வேலை போனது எங்களுக்குத் தெரியும். எப்ப சொல்வீங்கன்னுதான் காத்திருந்தேன். பையனும் நானும் தினமும் உங்களுக்காக ஜெபம் பண்றோம்" என்றார். மற்றொரு குடும்பம் அந்தக் கட்டணத்தின் பாதியை ஏற்றது, மீதியை அவரே தவணையாகக் கட்டப் பள்ளியில் அனுமதி வாங்கினார். நம்மை நம்பி இருப்பவர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்வதும் கொடுப்பதில் ஒரு பகுதி. அவர்கள் வேறு வழி தேட நேரம் கிடைக்கும்.

பிறகு வாங்குகிற காலம் வந்தது.

சபையில் ஓய்வூதியத்தில் வாழும் வயதான அம்மா ஒருவர் இருந்தார். தனியாக இருப்பவர். மருந்துக்கே அவருக்கு எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மருந்து வாங்கிக் கொடுப்பது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய் ஓர் உறையைக் கொடுத்தார். பழைய காணிக்கை உறை. மேலே அச்சடித்திருந்த மாதத்தின் பெயரைப் பேனாவால் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். உள்ளே நோட்டுகள் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்கி, நடுவில் ஒரு துண்டுத் தாள். அதில் "சங்கீதம் 37:25" என்று மட்டும் நடுங்குகிற எழுத்தில். நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்கிற வசனம் அது. நான் உறையைத் திருப்பி அவர் கையில் வைத்தேன். "அம்மா, உங்களுக்கே மருந்துக்கு வேணும்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உனக்காடி கொடுக்கிறேன்? ஆண்டவருக்குக் கொடுக்கிறேன். நடுவுல நின்னு நீ ஏன் தடுக்கிற?" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்த உறையை மேசையில் வைத்துவிட்டு நானும் என் கணவரும் வெகுநேரம் பேசவில்லை.

அன்று இரவு 1 இராஜாக்கள் 17ஐப் படித்தோம். சிறு வயதிலிருந்து தெரிந்த கதை. கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. ஆறு வற்றிப்போகிறது. அடுத்து தேவன் அவரை எங்கே அனுப்புகிறார்? சீதோன் நாட்டுச் சாறிபாத்துக்கு, ஒரு விதவையிடம். அவளிடம் இருப்பது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அதையும் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போவோம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பணக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். காகங்களையே தொடர்ந்து அனுப்பியிருக்கலாம். காகத்திடம் வாங்குவதில் யாருக்கும் வெட்கம் இல்லை. பசியோடு இருக்கிற ஓர் ஏழைப் பெண்ணிடம் போய் "முதலில் எனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவா" என்று கேட்பதற்கு ஒரு தீர்க்கதரிசிக்கு எவ்வளவு தாழ்மை வேண்டும்! அந்த வீட்டில் எந்த நாளும் களஞ்சியம் நிரம்பவில்லை. பானையில் மா செலவழிந்து போகவில்லை, அவ்வளவுதான். தினமும் அன்றைக்கு வேண்டியது இருந்தது. மூன்று பேர் சாப்பிட்டார்கள். கொடுத்தவளும் பிழைத்தாள், வாங்கியவரும் பிழைத்தார்.

அதற்கப்புறம் எங்கு பார்த்தாலும் இதே கண்ணில் பட்டது. மகதலேனா மரியாளும் யோவன்னாளும் சூசன்னாளும் வேறு அநேகரும் தங்கள் ஆஸ்திகளால் ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா 8ல் இருக்கிறது. ஐயாயிரம் பேரைப் போஷித்த இயேசு, பெண்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாழ்ந்தார். கூடாரம் செய்து தன் கையால் பிழைத்த பவுல், பிலிப்பி சபை அனுப்பியதை மறுக்கவில்லை. அவர்களுக்கு எழுதும்போதுதான் "என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் ... நிறைவாக்குவார்" என்கிறார் (பிலிப்பியர் 4:19). நாம் சுவரில் மாட்டி வைக்கிற வசனம். அது ஒரு நன்றிக் கடிதத்தின் கடைசியில் வருகிறது என்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

ஜார்ஜ் முல்லரின் சாட்சியைச் சபைகளில் அடிக்கடி சொல்வார்கள். 1836ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1849லிருந்து 1870க்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய இல்லங்கள் எழும்பின. 1898ல் அவர் மரிப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர் யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஜெபம் மட்டும் செய்வார். இதைக் கேட்டால் பணம் வானத்திலிருந்து விழுந்தது போலத் தோன்றும். அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளைப் பார்த்தால் வேறு தெரிகிறது. எல்லாம் மனிதர்கள் கையால் வந்தவை. அதில் கூலிவேலை செய்தவர்கள் அனுப்பிய மிகச் சிறிய தொகைகளும் உண்டு. ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார், ரசீது கொடுத்தார். ஜெபத்தில் தேவனை மட்டும் நோக்கியிருந்தவர், கணக்கில் ஒரு காசைக்கூட விடவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

முல்லரைப் பார்த்து என் கணவரும் ஒரு நோட்டு போட ஆரம்பித்தார். தேதி, என்ன தேவை, எது வந்தது, யார் மூலமாக என்று நான்கு பத்தி. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கும்: வாடகை என்று எழுதி, எதிரில் "பாதி, தம்பி. மீதி, முன்பு கைமாற்றாகக் கொடுத்து மறந்தே போனதைத் திருப்பித் தந்தார்கள்." அதன் கீழே, "மகளின் கண்ணாடி. பரிசோதனைக் கட்டணம் வேண்டாம் என்று டாக்டரே சொன்னார்." அதன் கீழே, "பாட்டு வகுப்பு. வரவில்லை. நிறுத்தினோம்."

வராதவற்றையும் எழுத வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். சாட்சி என்றால் வந்ததை மட்டும் சொல்கிறோம். எங்களுக்கு வராதவை உண்டு. அந்த வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாறினோம். அதற்காக அழுதேன். ஆண்டவர் கைவிட்டார் என்று தோன்றவில்லை, ஆனால் அழுகை வந்தது. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று எழுதிய பவுல், பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்றும் எழுதுகிறார் (பிலிப்பியர் 4:12). தேவன் தருவார் என்று நம்புவது, இப்போது இருக்கிற எல்லாம் இப்படியே இருக்கும் என்று நம்புவது அல்ல. அவர் நம்மைச் சிறிய வீட்டிலும் வைத்துக் காப்பாற்றுவார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஜெபத்தில் "இன்று" என்றுதான் இருக்கிறது. அந்தக் காலம் வரை அந்த வரியைத் தினமும் சொல்லி வந்தோம். அந்தக் காலத்தில்தான் அதைக் கேட்டு ஜெபித்தோம்.

வாங்குகிற இடத்தில் இருந்து பார்க்கும்போதுதான், எப்படிக் கொடுத்தால் மனது நிறையும், எப்படிக் கொடுத்தால் குத்தும் என்று தெரிகிறது. எங்களுக்குக் கிடைத்ததில் பெரும்பாலானவை அன்போடு வந்தவை. அதில் சிலவற்றைச் சொல்கிறேன், கொடுக்கிறவர்களுக்கு உதவும்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று நிறையப் பேர் சொன்னார்கள். மனதாரச் சொன்னதுதான். ஆனால் அப்படிக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு சகோதரி மட்டும், "நாளைக்குச் சாமான் வாங்கப் போறேன். உங்க லிஸ்ட்டையும் அனுப்புங்க, சேர்த்து வாங்கிடுறேன்" என்றார். லிஸ்ட் அனுப்புவது எளிது. சோப்பு, தீப்பெட்டி என்று எழுதும்போது கையேந்திக் கேட்கிற மாதிரி இல்லை. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவரிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்புவதால் பயன் என்ன என்று யாக்கோபு கேட்பதை (2:16) இப்போது படித்தால் அந்தச் சகோதரியின் லிஸ்ட்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொருவர் பணம் அனுப்பும்போது, "அடுத்த நாலு மாசம் இதே தேதியில வரும், கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம்" என்றார். எவ்வளவு, எதுவரை என்று சொல்லிக் கொடுப்பது மிகப் பெரிய உதவி. அதை வைத்துத் திட்டம் போடலாம். நின்றுபோகும்போது மனக்கசப்பும் வராது. இப்போது நாங்கள் யாருக்கு உதவினாலும் இப்படியே காலத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பணத்தோடு சேர்த்து ஆலோசனை கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஆலோசனை வேண்டுமானால் கேட்பார்கள். உதவி பெற்றவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பது, கையில் உறையைக் கொடுக்கும்போது போட்டோ எடுப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்றார் ஆண்டவர், இடதுகையில் செல்போன் இருக்கலாமா? உபாகமம் 24:10-11ஐப் படித்துப் பாருங்கள். அயலானுக்குக் கடன் கொடுத்தவன், அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கினவன்தான் அடகை வெளியே கொண்டுவர வேண்டும். ஏழையின் வீட்டு வாசற்படிக்குத் தேவன் வைத்த மரியாதை அது. லேவியராகமம் 19:9ல் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொன்னதிலும் அதே மரியாதைதான். எளியவன் தன் கையால் பொறுக்கி, தன் உழைப்பாக வீட்டுக்குக் கொண்டுபோகிறான். ஆகவே முடிந்தால் வேலை கொடுங்கள். எனக்குத் தையல் வேலை கொடுத்து உரிய கூலியை உடனே கொடுத்த ஒரு குடும்பத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெருங்கியவர்கள் கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மட்டும் கொடுக்கிறோம், அதையும் அன்பளிப்பாகவே கொடுத்துவிடுகிறோம். திரும்பித் தந்தால் சந்தோஷம், அது தனிக் கணக்குக்குப் போகும். ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுவதில்லை. நீதிமொழிகள் 22:26-27 இதில் தெளிவாக எச்சரிக்கிறது: செலுத்த உன்னிடம் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள். "போட மாட்டோம், ஆனா இவ்வளவு கொடுக்க முடியும்" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள்.

வீட்டாரை மறந்து வெளியே வாரி வழங்குவதும் சரியல்ல. "தன் வீட்டாரை விசாரியாமற்போனால் ... அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று 1 தீமோத்தேயு 5:8 கடுமையாகவே சொல்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). வயதான மாமியாரின் மருந்துச் செலவு எங்களுக்குக் காணிக்கைக்குப் போட்டி அல்ல. அதுவும் ஆண்டவருக்குச் செய்வதுதான். பணம் சேர்த்து வைப்பது விசுவாசக் குறைவா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்கச் சொன்ன யோசேப்பு விசுவாசத்தில் குறைந்தவரா? லூக்கா 12ல் வருகிற ஐசுவரியவான் களஞ்சியம் கட்டியதற்காக மட்டும் மதிகேடன் என்று அழைக்கப்படவில்லை. அவன் பேச்சு முழுவதும் "என் தானியம், என் பொருள், என் ஆத்துமா" என்றே இருக்கிறது, வேறு யாரும் அதில் இல்லை. வேலை போன முதல் சில மாதங்கள் எங்களைத் தாங்கியது நாங்கள் முன்பு சேர்த்து வைத்ததுதான். அதையும் அந்த நோட்டில் "ஆண்டவர் முன்பே கொடுத்தது" என்று எழுதியிருக்கிறார் என் கணவர்.

பிறகு வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை, குறைவுதான். அப்போது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழக்கத்தைப் பற்றிப் பேசினோம். ஆக்ஸ்போர்டில் இருந்த இளவயதில் அவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28ல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. அதே 28ல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. வருமானம் ஏறும்போது வாழ்க்கைச் செலவு கூடவே ஏற வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். அவர் அளவுக்கு எங்களால் முடியாது. பிள்ளைகள் இருக்கிறார்கள், விலைவாசி ஏறுகிறது. ஆனால் சிறிய வீட்டில் வாழப் பழகிவிட்டோம். பெரிய வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்தோம். சம்பளம் உயரும்போது அதில் ஒரு பகுதி வீட்டுக்கு, ஒரு பகுதி சேமிப்புக்கு, ஒரு பகுதி தனிக் கணக்குக்கு என்று உயர்வு வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறோம். பணம் கைக்கு வந்த பிறகு இதைத் தீர்மானிப்பது கடினம்.

கொடுக்கிறவர்களுக்கே இவ்வளவும் சொல்லிவிட்டேன். இப்போது கஷ்டத்தில் இருக்கிறவர்களிடமும் பேச வேண்டும். உங்களில் பலர் வெளியே சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, மனிதரிடம் சொன்னால் விசுவாசக் குறைவு என்று நினைக்கிறீர்கள். முல்லர் கேட்காமல் இருந்தது அவருக்குக் கிடைத்த தனி அழைப்பு. அதை எல்லார் மேலும் சட்டமாகச் சுமத்த வேதத்தில் ஆதாரம் இல்லை. ரோமை ஆண்ட கிலவுதியு ராயன் காலத்துப் பஞ்சத்தில் யூதேயாவின் சகோதரருக்கு அந்தியோகியாச் சபை பணம் அனுப்பியது எப்படி? பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற தீர்க்கதரிசி எழுந்து சொன்னதால்தான் (அப்போஸ்தலர் 11:28-30).

உங்கள் சபையில் நம்பிக்கையான ஒருவரை, மூப்பரோ போதகரோ ஒரு மூத்த சகோதரியோ, தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக "கஷ்டமா இருக்கு" என்று சொல்லாமல், எது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள். எதை நீங்களே சமாளித்துக்கொள்ள முடியும் என்பதையும் சொல்லுங்கள். பேச வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிடைத்ததை எதற்குச் செலவழித்தீர்கள் என்று குறித்து வையுங்கள், அது உங்களுக்கே தைரியம் தரும். கொடுத்தவருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள், அதை அவரிடமும் சொல்லுங்கள்.

எருசலேம் சபையில் கிரேக்கு பாஷைக்காரருடைய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டார்கள். அவர்கள் பக்கத்தினர் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அவர்களை "விசுவாசம் இல்லாதவர்களே" என்று கடிந்துகொள்ளவில்லை. சபையைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி, அந்த வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். ஸ்தேவானும் பிலிப்பும் அப்படி வந்தவர்கள்தான். விதவைகளின் குறை வாய்விட்டுச் சொல்லப்பட்ட பிறகுதான் அந்த ஏழு பேரும் நியமிக்கப்பட்டார்கள்.